கைப்பையில் ஒளியும் அச்சம்

மழைமலை மாதா திருத்தலத்துக்கு நேர்ச்சை செலுத்த வந்திருந்தார் ஓர் அன்பர். அச்சரப்பாக்கத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்காவில் பல்லாண்டுகளாகப் பணிபுரிபவர். உடன் அவருடைய தங்கையும் தங்கை மகளும் வந்திருந்தனர். பேச்சினிடையே, தம் கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். வெல்வெட் விரித்த இழுப்பறை ஒன்றில் ஏழு சிறிய ரிவால்வர்கள் வரிசையாக இருந்தன. குழலின் நீளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. அனைத்தும் ‘பாயிண்ட் டூ டூ’ எனப்படும் 0.22 அங்குலத் தோட்டா போடுபவை.

“சனிக்கிழமைதோறும் பயிற்சிக்களத்துக்குப் போய்ச் சுடுவேன், சாமி. வேட்டைக்குப் போவதில்லை, எவரையும் மிரட்டியதில்லை. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், நான் இவற்றைச் சேர்க்கிறேன். இதில் என்ன பாவம்?” என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, “நம் ஊரிலும் பெண்பிள்ளைகள் கைப்பையில் இப்படி ஒன்று இருந்தால் நல்லதுதானே? இவளும் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறாள்” என்று தங்கை மகளைச் சுட்டினார்.

நல்ல மனிதர், தம் குடும்பத்தின்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆதலால் அவர் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று அரைகுறையாகச் சொன்ன மறுமொழியை இங்கே முழுமையாகச் சொல்ல விழைகிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். இச்சிறு தோட்டா விலை மலிவு, சத்தம் குறைவு, சுடும்போது கையை உதைப்பதும் மிகக் குறைவு. ஆகவே புதிதாய்ப் பழகுவோர்க்கு இது உகந்தது என்பர். இலக்கு நோக்கிச் சுடுதல் மதிப்புக்குரிய விளையாட்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற 25 மீட்டர் அதிவேகத் துப்பாக்கிப் போட்டியில் பயன்படுவதும் இதே 0.22 தோட்டாதான்.

ஆனால், தோட்டா ஒன்றாக இருப்பதால் கருவியும் ஒன்றாகிவிடுமா? விளையாட்டு வீரரின் துப்பாக்கி நீண்ட குழலும் உள்ளங்கைக்கேற்பச் செதுக்கிய பிடியும் கொண்டது. அதை மடியில் மறைக்க இயலாது; மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. மொட்டைக் குழல் ரிவால்வரோ குறிபார்க்கும் தொழிலுக்கே பகையானது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறையக் குறைய, கையின் சிறு நடுக்கமும் பெரும் பிழையாக விரிகிறது. அன்றியும், இவ்வகைத் தோட்டாவின் வெடிமருந்து அதன் அடிவிளிம்பில் அடங்கியிருப்பதால், சுத்தி வலுவாக அடித்தால்தான் வெடிக்கும். எனவே இத்தகைய ரிவால்வர்களின் விசை பெரும்பாலும் கடினமாக இருக்கும். அப்படியிருந்தும் சில வேளை வெடிக்காமல் போகும். இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொண்டு குழலை ஏன் குட்டையாக்கினர்? ஒளிப்பதற்காக; ஒளித்து வைத்து, கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் மனிதன்மீது பிரயோகிப்பதற்காக. தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கலாம் என வள்ளுவர் எச்சரித்தாரே, அந்த ஒளிதலுக்கென்றே வார்க்கப்பட்ட கருவி இது. தபால்தலையோடு இதை எவ்வாறு ஒப்பிடுவது?

“அது அமெரிக்க நாட்டுப் பைத்தியம், நமக்கென்ன?” என்று வாசகர் நினைத்தல் வேண்டா. 2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அடுத்து நாம் செய்ததென்ன? 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களுக்கென ‘நிர்பீக்’ என்னும் 0.32 ரிவால்வரை வெளியிட்டது. எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். அது செந்நிற நகைப்பெட்டியில் வைத்து விற்கப்பட்டது! பின்னர் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து ‘நிடர்’ வந்தது. அது 250 கிராமே எடையுள்ள 0.22 ரிவால்வர். இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே: அஞ்சாமை.

இப்பெயரைத்தான் நான் மறுக்கிறேன். ஒன்றேகால் இலட்சம் ரூபாய் எந்தப் பெண்ணிடம் இருக்கிறது? செங்கல் சூளையில் உழைப்பவளிடமா, நாற்று நடுபவளிடமா? இருந்தாலும் பயன் என்ன? பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி அப்பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றன. உறவினனாக, அண்டை வீட்டானாக, மேலதிகாரியாக வருபவன் முன் கைப்பையைத் திறக்க எவளுக்கு நேரம் வாய்க்கும்? வள்ளுவர் அரசனுக்குரிய நான்கு பண்புகளை அடுக்கும்போது அஞ்சாமையை முதலில் வைத்தார். குடிகளை அச்சமின்றி வாழச் செய்வது அரசின் கடன். அக்கடனைத் தீர்க்காமல், அதையே நகைப்பெட்டியில் அடைத்துக் குடிமக்களிடம் விற்பது என்ன நியாயம்?

துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் முன்பே கண்டிருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரைச் சந்திக்கச் சென்ற எம்.ஆர்.ராதா அவரை ரிவால்வரால் சுட்டார். பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். ஒரு மாதத்துக்கு முன்புதான் இருவரும் நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ திரைக்கு வந்திருந்தது. அவ்வழக்கு நம் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ஆனால் அவருடைய பழைய குரல் திரும்பவில்லை. அவர்கள் இருவரும் கொள்ளையர் அல்லர், புகழ்பெற்ற கலைஞர்கள். மனத்தாங்கல் எல்லா வீட்டிலும் உண்டு. கையில் ஒன்றுமில்லாதவன் கத்திவிட்டு வெளியேறுகிறான். இடுப்பில் ரிவால்வர் உள்ளவனுக்கோ அந்த ஒரு நிமிடமே ஆயுள் முழுவதுமாகிவிடுகிறது. அந்தக் குழல் இறுதியில் தன்னையே நோக்கித் திரும்பியதையும் கவனியுங்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் தற்கொலைச் சாவு மிகுதி என உலகின் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

“முறையாகப் பயிற்சி பெற்றால் விபத்தும் வெறியும் நேரா” என்பார் அன்பர். நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும் என்கின்றன. தேவையான விதியே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் நன்றே. நம் சட்டத்தில் துப்பாக்கி உரிமை அன்று, உரிமம் மட்டுமே. ஆனால் பயிற்சி விரலை மட்டுமா பழக்குகிறது? திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மனிதனுக்குள் ஒரு நிலையான சாய்வை உண்டாக்கும் என்பது அக்குவினா தோமையார் கற்பித்த அறவியல் பாடம். நற்பழக்கமும் தீப்பழக்கமும் பிறப்பது அவ்வாறே. வாரந்தோறும் ஐந்தாறு மீட்டரில் நிற்கும் மனித உருவ அட்டையைச் சுடுபவர், எதிர்வரும் மனிதரில் எதைக் காணப் பழகுகிறார்? அயலாரையா, ஆபத்தையா?

ஆபத்தை எதிர்கொள்ளும் பயிற்சிக்கு நம் மாவட்டத்திலேயே வேறொரு பள்ளி உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978-இல் உருவானது அது. ஒரு கம்பி, ஒரு துணிப்பை, தலைமுறை தலைமுறையாய் வந்த அறிவு, இவ்வளவே அவர்கள் படைக்கலம். கட்டுவிரியனையும் கண்ணாடிவிரியனையும் பிடித்து, நஞ்செடுத்து, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சு முறிமருந்தாகிப் பிறரைக் காக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நம் நெஞ்சு நிமிரவில்லையா? இதுவன்றோ அஞ்சாமை! அறிந்ததனால் வந்த அஞ்சாமை அது, ஒளித்ததனால் வந்ததன்று.

இனி, திருச்சபையின் போதனையைத் திரித்துக் கூறினேன் என்று எவரும் குறைசொல்ல வேண்டா. தாக்கப்படுபவர் தம்மைக் காத்துக்கொள்வது முறையே. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர்க்கு அது கடமையும் ஆகும். தேவைக்கு மிஞ்சிய வன்முறையே தவறு. இதை மறுப்பாரில்லை. ஆனால் தற்காப்பு வேறு, தற்காப்பின் பெயரால் ஆயுதத்தின்மேல் கொள்ளும் மோகம் வேறு. கெத்சமனியில் பேதுருவிடம் வாள் இருந்தது. அது யாரை வெட்டியது? கைதுசெய்ய ஆணையிட்டவரையா? இல்லை, மால்கு என்ற எளிய பணியாளரின் காதை! அதே இரவில், அதே பேதுரு, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு நடுங்கி ஆண்டவரை மறுதலித்தார். வாள் அவருக்கு வீரம் தந்திருந்தால் அந்தச் சேவல் கூவும்போது அவர் அழுதிருக்க வேண்டியதில்லை. பின்னாளில் தலைமைச் சங்கத்தின் முன் அவர் துணிந்து நின்றபோது, கையில் எதுவும் இல்லை.

அன்று அந்த அன்பருக்கு விடை சொன்னவர் நான் அல்லேன். அதுவரை பேசாதிருந்த அவர் தங்கை மகளே. “துப்பாக்கி எனக்கெதுக்கு மாமா? வண்டியை விட்டு இறங்குனா வீடு வரைக்கும் தெருவிளக்கு எரியட்டும். யாராவது தப்பா நடந்தா, நான் சொல்றத வீட்ல நம்புங்க, அது போதும்” என்றாள். தாய் தலைகுனிந்தார். மாமாவின் கைப்பேசி அணைந்தது.

அச்சு இற்ற பாக்கமே அச்சரப்பாக்கம் ஆயிற்று என்பது இவ்வூர்த் தலபுராணம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் போர்த்தேர் இங்கே அச்சு முறிந்து நின்றதாம். போருக்குப் போகும் தேரும் நின்று யோசித்த ஊர் இது. இந்த மண்ணின் பிள்ளைகள் சனிக்கிழமைப் பயிற்சிக்குப் புறப்படுமுன் சற்றே நிற்கட்டும். தெருவிளக்குக்கு மனு எழுதுவோம். கிராமசபையில் எழுந்து கேட்போம். வீட்டில் பெண்பிள்ளை வாய் திறந்தால் நம்புவோம். இவற்றுக்கு உரிமம் வேண்டா, நகைப்பெட்டியும் வேண்டா.