ஒரே தாலாட்டு, பல குரல்கள்

ஒரே பாட்டை நாலைந்து பேர் பாடக் கேட்டவுடன், "இவற்றில் எது உசத்தி?" என்று கேட்பது ரஸிகர்களுடைய வழக்கம். அடியேனும் அதற்கு விலக்கல்ல. பரீட்சைத் தாளுக்கு மார்க்குப் போட்டுப் பழகிய கை, சங்கீதத்துக்கும் மார்க்குப் போடத் துடிப்பதில் ஆச்சரியம் என்ன? ஆனால் சென்ற விடுமுறையில் ஓர் அமெரிக்கத் தாலாட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டது.

'போர்கி அண்டு பெஸ்' என்பது ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்த இசை நாடகம். டூபோஸ் ஹேவர்டு 1925-இல் எழுதிய நாவல் அதற்கு ஆதாரம். தெற்குக் கரோலினாவிலுள்ள சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஏழைக் கறுப்பு மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் கதை நடக்கிறது. அந்த மக்களின் பாட்டைக் காதால் கேட்டறிவதற்காகக் கெர்ஷ்வின் 1934-ஆம் வருஷக் கோடையில் சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள பாலித் தீவில் போய்த் தங்கினார். மறு வருஷம் அக்டோபரில் நாடகம் நியூயார்க்கில் அரங்கேறிற்று.

அதில் முதன்முதலாக ஒலிப்பது 'ஸம்மர்டைம்' என்னும் தாலாட்டு. கிளாரா என்ற மீனவன் மனைவி தன் குழந்தைக்குப் பாடுகிறாள். கோடை காலம், கவலையில்லாத வாழ்வு, தகப்பனிடம் செல்வம், தாயிடம் அழகு, ஆகையால் அழாதே என்று தேற்றுகிறாள். அவள் சொல்லுகிற சுகம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. பின்னால் புயலிலே தகப்பன் கடலோடு போகிறான். அவனைத் தேடி ஓடிய தாயும் மடிகிறாள். அநாதையான அக்குழந்தைக்கு அதே தாலாட்டைப் பெஸ் மறுபடியும் பாடுகிறாள். இனிமையான அந்த மெட்டுக்குள் இவ்வளவு துக்கம் மறைந்திருக்கிறது.

இந்தப் பாட்டின் பழைய பதிவுகளில் நான் முதலில் கேட்டது விக்டர் கம்பெனியின் இசைத்தட்டு. நாடகம் அரங்கேறிய சில நாட்களுக்குள், கெர்ஷ்வினுடைய மேற்பார்வையிலேயே பதிவானது. பாடியவர் ஹெலன் ஜெப்ஸன். சுத்தமான சுருதி, பழுதற்ற சாரீரம். இசையமைத்தவரே பக்கத்தில் இருந்து ஒப்புக்கொண்ட பாட்டுக்கு மேல் வேறென்ன வேண்டும்? நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன். மாணவர்களிடமும், "இதுதான் மூலம், மற்றவை நகல்" என்று சொல்லி வைத்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜெப்ஸனும், அவருடன் பாடிய லாரன்ஸ் திபெட்டும் மெட்ரொபாலிடன் ஆப்பெராவைச் சேர்ந்த வெள்ளைக்காரர்கள். மேடையில் அன்றாடம் பாடிவந்த டாட் டங்கனும் ஆன் பிரவுனும் கறுப்பு இனத்தவர். மேடையிலே அவர்கள் பாட, இசைத்தட்டிலே வேறு குரல்கள் ஏறின! அந்த மெட்ரொபாலிடன் மேடையில் ஒரு கறுப்புப் பாடகி தனிப் பாத்திரம் ஏற்பதற்கே 1955-ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. மேரியன் ஆண்டர்ஸன் அந்தப் பெருமைக்குரியவர்.

டங்கனும் பிரவுனும் பாடிய இசைத்தட்டுகளை டெக்கா கம்பெனி 1940-இல் வெளியிட்டது. அதற்குள் கெர்ஷ்வின் காலமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தொகுதியில் கிளாராவின் தாலாட்டை ஆன் பிரவுன் பாடுகிறார்.

இதற்கெல்லாம் முந்திய பதிவு ஒன்றும் உண்டு. 1935 ஜூலையில் நடந்த ஒத்திகையில் கெர்ஷ்வினே வாத்திய கோஷ்டியை நடத்த, மேடையில் கிளாராவாக நடிக்கவிருந்த ஆபி மிட்செல் பாடுகிறார். ஒலி தெளிவாக இல்லை. ஆனாலும் குழந்தை எதிரில் கிடப்பது போலவே அவர் பாடுகிறார். மாணவர்களிடம் நான் 'மூலம்' என்று சொன்னது எவ்வளவு பெரிய பிழை!

பாட உரிமை கிடைத்தால் மட்டும் போதுமா? கேட்கும் உரிமை வேண்டாமா? 1936-இல் நாடகம் வாஷிங்டன் நகரத்து நேஷனல் தியேட்டருக்குச் சென்றது. கறுப்பு மக்கள் மற்றவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பார்க்க அங்கே அனுமதி கிடையாது. அப்படியானால் மேடை ஏறுவதில்லை என்று டங்கனும் சகாக்களும் உறுதியாக நின்றார்கள். தியேட்டர்க்காரர்கள் இணங்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் அறிந்தபின், அந்தக் குரல்களை வெறும் சாரீர சுகத்துக்காக மட்டும் கேட்க முடியவில்லை.

அதே 1936 ஜூலையில் பில்லி ஹாலிடே இந்தத் தாலாட்டைப் பாடினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. சிறிய ஜாஸ் கோஷ்டி. பன்னி பெரிகனின் டிரம்பெட் உறுமிக்கொண்டு ஆரம்பிக்கிறது. ஹாலிடே தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறார். முதலில், "தாலாட்டைக் கெடுத்துவிட்டாரே!" என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது, குழந்தைக்குச் சொல்லும் ஆறுதலைத் தாமே நம்பாத ஒருத்தியின் குரலாக அது ஒலித்தது. கிளாராவின் பாட்டிலே மறைந்திருந்ததும் அதுவே அல்லவா?

1957-இல் எல்லா பிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடினார்கள். எல்லாவின் குரல் பட்டு. ஆம்ஸ்ட்ராங்கின் குரலோ கருங்கல் ஜல்லி. தாய் பாடி முடித்ததும் தகப்பன் தொடர்வது போலிருக்கிறது. நாடகத்தில் சிதறிப்போகும் குடும்பம் இந்தப் பதிவில் ஒன்று சேர்ந்துவிடுகிறது. அடுத்த வருஷம் மைல்ஸ் டேவிஸ், அடைப்பான் பொருத்திய டிரம்பெட்டில் பாட்டை வார்த்தையின்றி வாசித்தார். பின்னணியில் மற்ற வாத்தியங்கள் ஒரு சிறு பிடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, பாடுகிறவளைக் காணோம்.

நாடகத்தை எழுதியவர்களும் இசையமைத்தவரும் வெள்ளையர்கள். ஒரு ஜனசமூகத்தைப் பற்றிப் பிறர் செய்த பாட்டு, முதலில் பிறர் குரலிலேயே விற்பனைக்கு வந்தது. பிறகு அந்த ஜனங்களே அதை எடுத்து, தங்களுக்கு உகந்தபடி வளைத்து, தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ஆகையால் பிந்திய பதிவுகள் நகல்கள் என்று இனிச் சொல்லமாட்டேன்.

ஜெப்ஸனுடைய பாட்டில் குற்றமில்லை. தொண்ணூறு தொண்ணூறாகவே இருக்கட்டும். ஆனால் பரீட்சை எழுத எல்லோரையும் உள்ளே விட்டார்களா என்று கேளாமல் மார்க்குப் போடுகிற வாத்தியாருக்கு எத்தனை மார்க்குக் கொடுக்கலாம்? நேயர்களே சொல்லட்டும்.