பாட்டி சொல்லாத கதை



கல்வராயன் மலையடிவாரத்தில் ஆசிரியராக இருந்தவன் நான். ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "தாத்தா, பாட்டியிடம் பழைய கதை ஒன்று கேட்டு வாருங்கள்" என்றேன். கடுக்காய் பொறுக்கப் போனபோது கரடி துரத்திய கதை வந்தது. பஞ்சத்தில் கிழங்கு தோண்டித் தின்ற கதை வந்தது. 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சலின் கதை மட்டும் ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை.

அது என்ன காய்ச்சல் என்கிறீர்களா? முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் உலகம் முழுவதும் பரவிய 'இன்ஃப்ளூயன்சா'. பம்பாய் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்து, ரயிலேறி ஊர் ஊராகப் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அப்படிக் குறைந்தது அந்தப் பத்தாண்டில் மட்டும்தான்!

1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பேசிய பெரியவர்கள், இதை ஏன் பேசவில்லை?

பஞ்சம் ஆண்டுக்கணக்கில் வாட்டியது. காய்ச்சலின் கடுமையோ சில மாதங்களில் ஓய்ந்தது. அதில் இறந்தவர்களில் இருபது முதல் நாற்பது வயதுக்காரர்கள் அதிகம். கதை சொல்ல வேண்டிய அம்மா, அப்பாவே போய்விட்டால் யார் சொல்வது? மிஞ்சியவர்களுக்கோ, நோயின் பெயரைச் சொன்னாலே அது திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். பிள்ளைகள் கலங்கக் கூடாதே என்ற பாசம் வேறு.

என் பாட்டியின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. எப்போது வந்தது என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குக் கண்ணு? சோறு ஆறுது, சாப்புடு" என்பார். அந்தக் கதை அவரோடு போய்விட்டது.

பாசத்தால் பேசாமல் இருந்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நஷ்டம் நமக்குத்தான். 2020-இல் முகக்கவசத்தைப் புதுமையாகப் பார்த்தோம். 1918-லேயே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் முகக்கவசம் அணியச் சட்டம் போட்டிருந்தார்கள்!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். நான்கே மாதத்தில் ஊரடங்கு! ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அப்போது கைக்குழந்தையாக இருந்த உங்கள் தம்பி, தங்கைக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. பார்த்தீர்களா, மறதி அதற்குள் தொடங்கிவிட்டது!

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு எடுங்கள். வேலை இல்லாத நாட்களை எப்படிக் கடத்தினோம்? யார் அரிசி கொடுத்து உதவினார்கள்? யாரை இழந்தோம்? வீட்டாரிடம் கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். யாராவது கண் கலங்கினால் வற்புறுத்தாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு நாள் அவர்களே சொல்வார்கள்.

நான் என் பாட்டியிடம் இரண்டாம் முறை கேட்கவே இல்லை. நீங்கள் கேட்பீர்கள்தானே?