உபயமாக வந்த நிறம்

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களுக்கு நெடுங்காலம் படகே பாதை. கடைக்கும் மருத்துவமனைக்கும் மேற்படிப்புக்கும் தண்ணீரைக் கடந்தே போக வேண்டியிருந்த மக்களுக்குப் படகு தொழிற்கருவி மட்டுமன்று, முகவரியும் அதுவே. எனினும், நம் கரையோரத்தில் படகின் நிறத்தை முடிவு செய்பவர் பல வேளைகளில் படகுக்காரர் அல்லர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் கொடுத்த அமைப்பின் பெயரும் சின்னமும் எழுதப்பட்டிருந்தன. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கடலில் எளிதில் அடையாளம் காண்பதற்காக மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலவாரியாக நிறம் வகுக்கப்பட்டது. முன்னதற்கு நன்றியும் பின்னதற்குப் பாதுகாப்பும் காரணம். இரண்டையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால், அதே ஊர்களின் இளைஞர்கள் மாலையில் கபடிக்கோ கைப்பந்துக்கோ கிரிக்கெட்டுக்கோ இறங்கும்போது அணியும் சட்டைக்கு நன்றியையும் பாதுகாப்பையும் காரணம் காட்ட முடியுமா? பொங்கல் விடுமுறையிலும் கோடைக்காலத்திலும் கடலோர மாவட்டங்களில் நடக்கும் போட்டிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சென்ற ஆண்டு ஒரு கட்சிப் பிரமுகரின் உபயத்தில் ஒரு நிறம், இந்த ஆண்டு ஒரு தொழில் நிறுவனத்தின் உபயத்தில் இன்னொரு நிறம். மார்பில் கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் ஊர்ப்பெயர் சிறிதாகவும் இருக்கும். கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் வழக்கம் விளையாட்டுத் திடலுக்கும் வந்துவிட்டது. ஏழை ஊருக்கு இலவசச் சட்டை கிடைத்தால் போதாதா, நிறத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நிறம் அவ்வளவு அற்பமானதா என்பதற்கு விடை காண, மற்றொரு துறைமுக ஊரின் கதையைப் பார்ப்பது பயன்தரும்.

ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட்டுக்கு இணையாக, குளிர்காலத்தில் அதைவிடவும் மேலாகப் போற்றப்படும் ஆட்டம் 'ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து'. நீள்வட்டப் பந்து, கிரிக்கெட் மைதானத்தின் பரப்பு, களத்தில் அணிக்கு 18 பேர் என்று நம் கால்பந்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அதில் போர்ட் அடிலெய்டு என்றொரு கிளப். 1870இல் துறைமுகப் பகுதியில் பிறந்தது. 1902ஆம் ஆண்டு முதல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அதன் அடையாளம். அந்தப் பட்டைகள் துறைமுக மேடையைத் தாங்கி நிற்கும் மரத்தூண்களைப் போலிருப்பதாக அவ்வூரார் சொல்வர். சிறைக்கம்பி என்பது அதற்கு வழங்கும் இன்னொரு பெயர்.

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலப் போட்டிகளில் வாகை பல சூடிய அந்த கிளப் 1997இல் தேசிய லீக்கில் சேர்ந்தது. அங்கே கறுப்பு வெள்ளை ஏற்கெனவே மெல்போர்னின் காலிங்வுட் கிளப்புக்கு உரியதாக இருந்தது. ஆகவே, போர்ட் அடிலெய்டு தன் சட்டையில் நீலப்பச்சையைச் சேர்த்துக்கொண்டு, தன் 'மாக்பை' பறவைப் பெயரையும் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடிந்தது. பெரிய சந்தைக்குள் புகுவதற்குச் சிறிய ஊர் கொடுத்த நுழைவுக் கட்டணம் என்று இதைச் சொல்லலாம். பழைய சட்டையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அணிய விடுங்கள் என்ற கோரிக்கை கால் நூற்றாண்டு ஓயவில்லை. 2021இல் உள்ளூர் எதிரணியான அடிலெய்டு குரோஸ் அணியை வென்ற வீரர்கள், களத்தில் அணிய இசைவு கிடைக்காத அந்தப் பட்டைச் சட்டையை ஆட்டம் முடிந்தபின் உடைமாற்றும் அறையில் அணிந்துகொண்டு கிளப் பாடலைப் பாடினார்கள். உள்ளூர் மோதலில் அதை அணிவதற்கான வழி 2023இல் பிறந்தது.

இதில் காலிங்வுட்டின் தரப்பையும் புறந்தள்ள முடியாது. அதுவும் 1892இல் மெல்போர்னின் உழைப்பாளர் குடியிருப்பில் தோன்றிய கிளப்தான். அதன் மக்களும் தலைமுறை தலைமுறையாக அந்த இரு நிறங்களைச் சுமந்திருக்கிறார்கள். ஆக, இரு ஊர்கள் தமக்குரியது எனக் கருதிய நிறத்துக்காக வழக்காடின. விளம்பரதாரர் எவரும் அந்த வழக்கில் கட்சிக்காரர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே நாட்டில் இதைவிட ஆழமான வழக்கொன்றும் நடந்தது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொண்ட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கொடியை 1971இல் வடிவமைத்தவர் ஹெரால்டு தாமஸ் என்ற பூர்வகுடிக் கலைஞர். பதிப்புரிமை அவருடையது. ஆடைகளில் அதை அச்சிடும் உரிமம் பின்னாளில் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. பூர்வகுடிகளைச் சிறப்பிக்கும் லீக் சுற்றிலேயே, 2020இல், அந்தக் கொடியைப் பயன்படுத்த முடியாத நிலை வந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய அரசு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமையைப் பெற்று, எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஒரு மக்களின் நிறம் பத்திரமாகவும் உரிமமாகவும் மாறினால், அதை அம்மக்களே விலை கொடுத்து அணிய நேரும்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1889இல் தொடங்கப்பட்ட கொல்கத்தாவின் மோகன் பகான், 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கிளப். அதன் பச்சையும் மெரூனும் வங்காளிகளுக்குத் தெரிந்த அளவு சில கட்சிக்கொடிகள்கூடத் தெரிந்திருக்காது. 2020இல் அது ஒரு நிறுவனத்தின் அணியோடு இணைக்கப்பட்டபோதும் நிறம் மாறவில்லை. ஆனால், பெயருக்கு முன்னால் புதிதாக ஒட்டிக்கொண்ட மூன்றெழுத்தை நீக்கச் சொல்லி ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2023இல் கோப்பை வென்ற கையோடு அந்த எழுத்துகள் கைவிடப்பட்டன. 2024 ஆகஸ்டில், மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமையை அடுத்து மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளின் ஆட்டம் ரத்து செய்யப்பட்டபோது, நூறாண்டுப் பகைமை கொண்ட இரு தரப்பு ரசிகர்களும் அவரவர் நிறச் சட்டையோடு ஒரே தெருவில் நின்று நீதி கேட்டார்கள். அந்தச் சட்டைகள் அவர்களுடையவையாக இருந்ததால்தான் அது இயன்றது.

தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் உரிமையாளரின் நிறங்கள். சேப்பாக்கத்தின் மஞ்சளை நாம் உள்ளன்போடு ஏற்றுக்கொண்டோம். 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புணேவுக்கு மாற்றப்பட்டபோது ரயிலேறிப் போய் அந்த மஞ்சளைத் தூக்கிப் பிடித்தவர்கள் நம்மவர்கள். அந்த அன்பில் குறையில்லை. ஆயினும், அணியின் எதிர்காலம் குறித்த எந்த முடிவிலும் அவர்களுக்கு வாக்கு இல்லை. இந்தியக் கால்பந்தின் உயர் லீக் 2025இல் ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட, ஆகஸ்டில் சென்னையின் நீலச் சட்டை அணியும் தன் செயல்பாடுகளை நிறுத்தியது. ரசிகர்கள் அதைச் செய்தியாகத்தான் அறிந்தார்கள்.

நிறம் நன்மை மட்டுமே செய்யும் என்றும் சொல்ல வரவில்லை. நம் தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. ஊருக்கொரு நிறம் என்று தொடங்கினால் அது தெருவுக்கொரு நிறமாகி, பிறகு சாதிக்கொரு நிறமாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் நிறத்தை யார், எந்த அவையில் முடிவு செய்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. மீனவர்களின் மரபான ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. பெண் பிள்ளைகளும் ஆடப்போகும் அணியின் நிறத்தைக் கிராம சபையில் வைத்துத் தேர்ந்தெடுப்பதே முறை.

பழவேற்காட்டு மக்களுக்கு இத்தகைய உடன்படிக்கை புதிதன்று. எந்த ஊரார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கம் அங்கே பல தலைமுறைகளாக இருக்கிறது. வெளியிலிருந்து எவரும் எழுதிக் கொடுக்காத சட்டம் அது. அதில் இடம்பெறாதவர்களின் மனக்குறையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தண்ணீரையே பேசிப் பங்கிட்டவர்களால் இரண்டு நிறங்களைப் பேசித் தேர்ந்தெடுக்க முடியாதா?

அரசு செய்யக்கூடியது எளிது. 2024இல் தொடங்கிய 'கலைஞர் விளையாட்டுத் தொகுப்பு' திட்டத்தின்கீழ் 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுக் கருவிகள் என்று அறிவிக்கப்பட்டது. மட்டையும் பந்தும் ஊராட்சிக்குப் போகும்போது, அவ்வூர் அணியின் நிறத்தையும் பெயரையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் ஏற்றி வைக்கலாம். பதிவான நிறத்தில் மட்டுமே சட்டை வழங்க வேண்டும், கொடுப்பவர் பெயர் கைப்பகுதிக்கு மேல் வரக்கூடாது என்று ஒரு விதி போதும். கொடை நின்றுவிடும் என்பார்கள். பெயர் போடாமல் கொடுக்க மனமில்லாதவரின் சட்டை எத்தனை ஆண்டு வரும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

நிறத்துக்கு உன்னதமான காரணம் தேட வேண்டியதுமில்லை. போர்ட் அடிலெய்டு 1902இல் கறுப்பு வெள்ளைக்கு மாறியதே, அதற்கு முன் அணிந்த கருஞ்சிவப்புக்கு நல்ல சாயம் கிடைக்காததால்தான். பசியாவரத்துப் பிள்ளைகள் ஏரியின் நீலத்தை எடுத்தாலும், கடையில் மிச்சமிருந்த துணியின் பச்சையை எடுத்தாலும் ஒன்றுதான். அந்தச் சட்டை கிழியும் ஆண்டில் அதே நிறத்தில் இன்னொன்று தைக்க ஊர்க்கணக்கில் சிறிது பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.