இதயம் எனும் அமானிதம்

ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் ஒருமுறை நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார்கள். நலம் விசாரிக்க எழுந்தருளிய பெருமானார் (ஸல்) அவர்கள், தோழரின் மார்பின்மீது தம் திருக்கரத்தை வைத்தார்கள். அக்கரத்தின் குளிர்ச்சி தம் இதயத்தையே எட்டியதாக ஸஅது (ரலி) அவர்கள் பின்னர் அறிவித்துள்ளார்கள். அது இதயத்தைப் பற்றிய நோய் என்று கண்ட நபிகளார், ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரித் இப்னு கலதா என்பாரிடம் செல்லுமாறும், அவர் மருத்துவம் செய்பவர் என்றும் கூறினார்கள். மதீனாவின் அஜ்வாப் பேரீச்சம் பழங்கள் ஏழினைக் கொட்டையுடன் இடித்துக் கொடுக்கும்படியும் பணித்தார்கள். அபூதாவூத் தொகுப்பில் இடம் பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

நம் ஊர்களில் இந்நிகழ்ச்சி பேரீச்சம் பழத்தின் சிறப்பை எடுத்துரைப்பதற்கே பெரிதும் பயன்படுகிறது. அஜ்வாவை நினைவில் இருத்திக் கொண்டோம், ஹாரிதை மறந்துவிட்டோம். எவருடைய துஆவின் வலிமையில் நமக்கு ஐயமே இல்லையோ, அந்தப் பெருமானாரே மார்பு வலியால் துன்புற்ற தோழரை ஒரு மருத்துவரிடம் அனுப்பினார்கள் என்பதை, அன்பு வாசகர்களே, சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். அந்த ஸஅது (ரலி) அவர்கள்தாம் பிற்காலத்தில் காதிஸிய்யாப் போரில் படைத்தலைமை ஏற்றார்கள். கூஃபா நகரை நிறுவினார்கள். பெருமானாரின் மறைவுக்குப் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

இதை இங்கு எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பத்தில் ஐம்பத்திரண்டு வயதுத் தாய் ஒருவருக்கு மஃரிபுக்குப் பின் நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தாற்போன்ற உணர்வு உண்டாயிற்று. தாடை கடுத்தது. உடல் வியர்த்தது. வாயுவாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள், ஓமத்திரவம் கொடுத்தார்கள். கணவர் கடையை அடைத்து வர இரவு பத்தரை மணி ஆகும். மகன் வளைகுடாவில் இருந்தார். "வாப்பா வரட்டும், போகலாம் உம்மா" என்றாள் மகள். வாப்பா வந்தபோது வலி சற்றுத் தணிந்திருந்தது. இந்த நேரத்தில் யாரை எழுப்புவது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஸுபுஹு பாங்குக்கு முன்பே அந்த அம்மையாரின் ரூஹு பிரிந்துவிட்டது.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "அஜல் முடிந்தது." அஜல் இறைவன் கையில் உள்ளது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் மஃரிபிலிருந்து ஸுபுஹு வரை கழிந்த எட்டு ஒன்பது மணி நேரம் யார் கையில் இருந்தது? அந்தக் கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தவக்குல் என்ற உயர்ந்த சொல்லை நம் சோம்பலுக்கும் கூச்சத்துக்கும் போர்வையாக்கிக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாக ஸர்க் என்னுமிடத்தில் செய்தி எட்டியது. தோழர்களுடன் கலந்தாய்ந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியினின்று ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின்பால்தான் செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். நோயும் விதியே, மருத்துவமனைக்குச் செல்லும் சாலையும் விதியே. உமர் (ரலி) அவர்களைவிடத் தவக்குலில் நாம் மேம்பட்டவர்களா?

மாரடைப்பின்போது உடலுக்குள் நடப்பது என்ன என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். கைமுட்டியளவே உள்ள இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடலெங்கும் குருதியைச் செலுத்தும் அது, தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன் மேற்பரப்பில் படர்ந்துள்ள மெல்லிய தமனிகள் வாயிலாகப் பெறுகிறது. பல ஆண்டுகளாக அத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. அதன்மேல் குருதி உறைந்து கட்டியாகி வழியை அடைக்கிறது. அந்த நொடியிலிருந்து அப்பகுதித் தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தும், மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை விரித்து ஸ்டென்ட் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டியும் இன்று உண்டு. முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் இவை கிடைத்தால் பயன் மிகுதி. பன்னிரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் ஊசியால் பெரும்பயன் விளைவதில்லை.

ஆகவே நெஞ்சில் அழுத்தம் தோன்றிச் சில நிமிடங்களில் நீங்காவிட்டால், அது வாயுவா, வேறொன்றா என்று வீட்டில் இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியது இ.சி.ஜி. கருவியும் மருத்துவரும். 108ஐ அழையுங்கள். நோயாளியை மாடிப்படி இறங்கி நடக்க விடாதீர்கள். இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே அமர்த்திக் கொண்டு செல்லாதீர்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பின் அறிகுறியுடன் வருவோருக்கு முதலில் தரவேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டன. அங்கே மாத்திரை பெற்றபின் பெரிய மருத்துவமனைக்கு விரையலாம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மாரடைப்பு ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் நம் இல்லங்களில் ஆழப் பதிந்திருக்கிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் அந்த ஆபத்து விரைந்து கூடுகிறது. அவர்களுக்கும் நெஞ்சு வலி வருவதுண்டு. ஆனால் மூச்சுத் திணறல், காரணமற்ற சோர்வு, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி என்ற கோலத்தில் நோய் வெளிப்படுவது ஆண்களைவிட அவர்களிடம் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே தோன்றாமலும் போகலாம். அடுப்படி வேலையால் வந்த அசதி என்று அதை நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆண் மருத்துவர் பார்ப்பாரே என்ற தயக்கம் வேறு. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது ஃபிக்ஹு கலையில் யாவரும் ஒப்புக்கொண்ட விதி. நபிகளார் காலத்திலேயே ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்ற ஆண்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

வருமுன் காப்பதற்கு வருவோம். கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுஃப் அவர்களின் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்ற பேராய்வு ஒன்று 2004இல் வெளியாயிற்று. முதல் மாரடைப்புக்கு ஆளானோர் ஏறத்தாழ 15,000 பேரை நோயற்ற அதே அளவினரோடு ஒப்பிட்ட ஆய்வு அது. புகை பிடித்தல், குருதியில் கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொந்தி, மன அழுத்தம், காய்கனி குறைவாக உண்ணுதல், உடல் உழைப்பின்மை ஆகிய எட்டையும் உள்ளடக்கிய ஒன்பது காரணிகளே, மாரடைப்பின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று அது கண்டது. பெரும்பாலானவை மனித முயற்சிக்கு உட்பட்டவை. அதே ஆய்வின் தரவுகள் நமக்கு இன்னொரு செய்தியையும் சொல்லின: தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 அளவில் இருக்க, பிற நாட்டினருக்கு அது 59 அளவில் இருந்தது. நம்மவர்க்கு ஆறு ஆண்டுகள் முந்தியே வருகிறது! குடும்பத்தில் கடைசி மகளின் நிக்காஹ் முடிந்திராத வயது அது.

 இந்த எட்டில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லோம். வலீமா விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது சகோதரத்துவத்தின் அழகிய கோலந்தான். ஆனால் நெய்ச்சோற்றின் மேல் கறியும், கறியின் மேல் தாளிச்சாவும், போதும் என்ற பின்னும் விருந்தளிப்பவர் அன்பு மிகுதியால் அள்ளி வைக்கும் இன்னொரு கரண்டியும், வாரம் இரு முறையானால் எந்தத் தமனி தாங்கும்? வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி நீருக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்று நபிகளார் வகுத்தளித்த அளவை பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, நேரே பந்திக்குச் செல்லும் பெருமக்களில் நானும் ஒருவன் என்பதால் இதை மேலும் நீட்டவில்லை. உப்பைப் பற்றி ஒரு சொல் மட்டும்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தட்டில் இருந்தால் அந்த அளவு பகலுணவிலேயே தீர்ந்துவிடும்.

உடற்பயிற்சி என்றவுடன், ஐவேளைத் தொழுகையே போதுமான பயிற்சிதானே என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். தொழுகை இறைவனுக்குச் செய்யும் வணக்கம். ருகூவும் ஸுஜூதும் மூட்டுகளுக்கு நன்மை தரலாம். இதயத்துக்கு வேண்டிய உழைப்பு அதனால் மட்டும் கிடைத்துவிடாது. ஆனால் தொழுகைக்குச் செல்லும் நடை இருக்கிறதே, அதை நாம் இழந்துவிட்டோம். மதீனாவின் ஓரத்தில் வாழ்ந்த பனூ ஸலிமா குலத்தார் பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் நன்மையாகப் பதிவு செய்யப்படுவதாகவும் நபிகளார் கூறினார்கள். நாமோ இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். லுஹர் நேரத்தில் பள்ளி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

காலடிகளின் பயனை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட விதம் சுவையானது. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர்கள் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பவர்கள். நடத்துநர்கள் சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குபவர்கள். ஒரே வண்டி, ஒரே சாலை. ஆயினும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இன்றைய கணக்கின்படி வாரத்தில் 150 நிமிட விறுவிறுப்பான நடை வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நலம்.

இதய நோய்க்கு மருந்து உண்போர் ரமலானில் செய்யும் தவறு ஒன்று உண்டு. நோன்பின் ஆர்வத்தில் எவரையும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர் குருதி உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் திடீரென்று விட்டால், அந்த ஸ்டென்டிலேயே அடைப்பு ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். பல மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்க இயலும். அதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நோன்பு நோற்கக் கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்குத் திருமறை அளித்துள்ள சலுகை உங்களுக்காகவே அருளப்பட்டதென்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பெண்களிடமே வருகிறேன். ஆண்களுக்குக் கடற்கரை உண்டு, திடல் உண்டு, சாலை உண்டு. நம் வீட்டுப் பெண்கள் எங்கே நடப்பார்கள்? பயணமொன்றில் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள். முதல்முறை அம்மையார் வென்றார்கள், பின்னொரு முறை பெருமானார் வென்றார்கள். நாற்பது வயதுப் பெண்மணி காலணி அணிந்து விரைந்து நடந்தால் நம் தெருக்களில் எத்தனை கண்கள் திரும்புகின்றன! காயல்பட்டினத்தில் பெண்கள் வீடு விட்டு வீடு செல்வதற்கென்றே முடுக்குகள் அமைத்த முன்னோர்கள், அவர்களும் நடக்க வேண்டியவர்கள் என்பதை அறிந்திருந்தார்கள்.

நம் ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெரும்பாலான ஊர்களில் ஜமாஅத்துக்கென்று திருமண மண்டபம் இருக்கிறது. நிக்காஹ் இல்லாத நாள்களில் அது பூட்டியே கிடக்கிறது. காலையில் ஒரு மணி நேரமும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரமும் அதைப் பெண்களுக்குத் திறந்து விடுங்கள். நாற்காலிகளை ஓரமாக அடுக்கினால் நடப்பதற்குத் தாராளமான இடம் கிடைக்கும். மாதம் ஒரு நாள் செவிலியர் ஒருவரை அழைத்து, இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அங்கேயே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரத்தக் கொதிப்புப் பார்க்கும் கருவியின் விலை, ஒரு வலீமாவின் நெய்ச் செலவுக்கும் குறைவு. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எவரேனும் ஒருவர் எழுப்பினால் போதும்; சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பெண்களே முடிவு செய்துகொள்வார்கள்.