வருடத்தை ஏன் அச்சிடுகிறோம்?

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால் எங்கள் வகுப்பறைகளில் ஓட்டத்தை விடவும் அதிகம் பேசப்படுவது டீ-சேர்ட்தான். நிறம் இல்லத்துக்குரியது, அதில் மாற்றமில்லை. சண்டையெல்லாம் படத்துக்காக. முதுகில் தீச்சுவாலையா சிறகா, எத்தனை நிறம், யார் யாருடைய பெயர். அதை எந்த முறையில் அச்சிடுவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கடைக்காரர் சொல்வதுதான் முடிவு.

சென்ற வருடம் எங்களுக்கு வந்தது டி.டி.எஃப். முறையில் செய்தது. படத்தை முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, பசைத் தூள் தூவி, சூட்டோடு அழுத்தித் துணியில் ஒட்டுவார்கள். எந்தத் துணிக்கும் பொருந்தும், எத்தனை நிறமும் வரும், ஒன்றே ஒன்று கேட்டாலும் செய்து தருவார்கள். நெஞ்சில் வைக்கும் சிறிய இலச்சினைக்கு அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் படம் முதுகு முழுக்க ரப்பர் விரிப்புப் போலக் கிடந்தது. நீண்ட கை, மேலே பர்தா, மைதானத்து வெயில். அந்த இடத்தால் காற்றே புகவில்லை. நாலைந்து தடவை கழுவியதும் ஓரங்கள் உரியத் தொடங்கின. இப்போது அது நானாவின் மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணி.

சப்ளிமேஷன் என்று இன்னொரு முறை உண்டு. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். மேலே படலம் இல்லை, எனவே வெடிக்காது, உரியாது. ஆனால் அது பொலியஸ்டரில்தான் பிடிக்கும், கொட்டனில் நிற்காது. அதில் வெள்ளை மையும் கிடையாது, ஆகவே கடும் நிறத் துணிக்கு உதவாது. பொலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதை அணிநடைக்கு ஒரு மணித்தியாலம் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எனது தெரிவு பழைய ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணியினூடாக மையைத் தள்ளும் முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சட்டம் வேண்டும். சட்டம் செய்யும் செலவு பத்து டீ-சேர்ட்டுக்கும் இருநூறுக்கும் ஒன்றே. ஆகவே ஓர் இல்லமே சேர்ந்து எடுக்கும்போது தலைக்கு வரும் பங்கு சிறுத்துவிடும். நிறங்களைக் கூட்டினால் விலையும் கூடும். கொட்டனில், ஒரே நிறத்தில், கோடுகளால் வரைந்த படம் போதாதா? மையைச் சரியாகச் சூடாக்கி உலர்த்தியிருந்தால் அது வருடக் கணக்கில் இருக்கும்.

ஆனால் வருடக் கணக்கில் இருந்து என்ன பயன், அதன் மேல் வருடத்தை அச்சிட்டுவிட்டால்? எனது டீ-சேர்ட்டைத் தங்கைக்குக் கொடுத்தேன். "இதப் போட்டா பழசெண்டு எல்லாருக்கும் தெரியும் தாத்தா" என்று திருப்பித் தந்துவிட்டாள். அவள் சொன்னதில் பிழையில்லை. உம்மா மறுபடியும் காசு கொடுத்தார். மூன்று பெண்பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒவ்வொரு வருடமும் மூன்று. சென்ற முறை எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவர் வயிற்றுவலி என்று சொல்லி அணிநடைக்கு வரவில்லை. அடுத்த நாள் சுகமாக வந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாபகத்துக்கு வருடம் வேண்டும் என்பார்கள். வேண்டியவர் கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் நூலால் தைத்துக்கொள்ளட்டும். மனைப்பொருளியலில் படித்த சங்கிலித் தையல் அதற்குப் போதும். கொடுக்கும்போது பிரித்தும் விடலாம்.

இல்லத் தலைவிகளிடம் ஒரு வேண்டுகோள். முழுத் தொகைக்கும் சொல்ல முன்னர் கடையில் ஒரேயொரு மாதிரியை வாங்குங்கள். அதை ஐந்து தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவி, உட்புறத்தைத் திருப்பிக் காயப் போடுங்கள். அதைப் பார்த்த பிறகு பெற்றோரிடம் காசு கேளுங்கள். தங்கைக்கு இந்தப் பாடசாலையில் இன்னும் நான்கு போட்டிகள் இருக்கின்றன.