ஸ்பேனரா... கைவிலங்கா?

கார் இன்ஜினைப் பிரித்து மாட்டினால் மார்க். ‘திருட்டு நடந்த’ அறையில் கைரேகை எடுத்தால் மார்க். நம்ம ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வயசுப் பசங்களுக்கு அமெரிக்காவின் பல ஹைஸ்கூல்களில் இதெல்லாம் நிஜமான பாடம். ஒன்று ஆட்டோமோட்டிவ் டெக்னாலஜி, இன்னொன்று கிரிமினல் ஜஸ்டிஸ். இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸோடு சேர்த்தே படிக்கலாம்.

‘கொடுத்து வெச்சவங்கப்பா’ன்னு பெருமூச்சு விடாதீங்க. ரெண்டும் ஒரே ஸ்கூல்லதான் இருக்கு. ஆனா, படிப்பு முடிஞ்ச மறுநாள் கொண்டுபோய் விடுற இடம் வேற வேற!

முதலில் கார் கிளாஸ். பிரேக், சஸ்பென்ஷன், எலெக்ட்ரிக்கல், ஏ.சி. என்று கையில் கிரீஸ் படியப் படிக்கணும். ஆனால், ஸ்பேனர் மட்டும் பத்தாது. 1996 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லா பெட்ரோல் கார்களிலும் ஓ.பி.டி-2 என்ற சோதனை வசதி கட்டாயம். அந்த சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீட்டு எண் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஏன் மிஸ்ஃபயர்? ஸ்பார்க் ப்ளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? அதை ஸ்கேனர் சொல்லாது பாஸ், நாமதான் கண்டுபிடிக்கணும். அதுதான் பாடமே!

படிக்கும்போதே ஏ.எஸ்.இ. அமைப்பின் என்ட்ரி லெவல் பரீட்சை எழுதலாம். 1972-ல் தொடங்கிய இந்த அமைப்பின் சான்றிதழுக்கு ஒர்க்‌ஷாப்களில் நல்ல மதிப்பு. முழுச் சான்றிதழ் வாங்க வேலை அனுபவமும் வேணும். 18 வயசில் ஹெல்பராகச் சேர்ந்துவிட்டால் அந்த அனுபவமும் வந்துவிடும். ஒரு குட்டி ஷாக்... அங்கே பெரும்பாலும் மெக்கானிக்கே சொந்தக் காசில் டூல்ஸ் வாங்கணும். பல இடங்களில் சம்பளம் ‘ஃப்ளாட் ரேட்’. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். ரெண்டு மணி நேரம் கூடுதலா முக்கினாலும் அதே காசுதான்!

இப்போ போலீஸ் கிளாஸ். டி.வி. சீரியல் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம், இங்கே துப்பாக்கியைவிட பேனாவுக்குத்தான் வேலை அதிகம். பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதணும். தடயத்தைக் கவரில் போட்டு, அது யார் கையில் இருந்து யார் கைக்குப் போச்சுன்னு ஒன்றுவிடாமல் பதியணும். அதில் ஓட்டை விழுந்தால் கோர்ட்டில் கேஸே ஆட்டம் காணலாம். 1966-ல் வந்த மிராண்டா தீர்ப்பும் பாடத்தில் உண்டு. காவலில் வைத்து விசாரிக்கும் முன், ‘நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். போலீஸ் ஆகாவிட்டாலும் தன் உரிமை தெரிந்த ஆளாக வெளியே வரலாம். சூப்பர்ல?

ஆனா, வேலைன்னு வரும்போதுதான் இடிக்குது. அங்கே பல ஊர்களில் போலீஸில் சேர குறைந்தபட்ச வயது 21. ஸ்கூல் முடிக்கும்போதோ 18. நடுவில் மூணு வருஷம் என்ன பண்றது? அவசர அழைப்புகளை எடுக்கும் 911 கன்ட்ரோல் ரூம், சில மாநிலங்களில் சிறைக் காவலர் வேலை, இல்லாட்டி காலேஜ். இது முன்கூட்டியே தெரிந்தவர்கள் பிளான் போட்டுக்கொள்வார்கள். தெரியாதவர்கள் சர்ட்டிஃபிகேட்டோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

தொழிற்படிப்புக்கு அமெரிக்க அரசு நிதி கொடுக்க 1917-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும் ரொம்ப காலம் அதற்கு ‘படிப்பு ஏறாத பசங்க போற இடம்’ என்றுதான் பெயர். ஏழை வீட்டு, கறுப்பினப் பிள்ளைகளை அந்தப் பக்கமே தள்ளிவிட்டார்கள் என்ற கோபமும் அங்கே உண்டு. 2006-ல் வந்த சட்டம் ‘வொகேஷனல்’ என்ற வார்த்தையை மாற்றி ‘கேரியர் அண்ட் டெக்னிக்கல்’ ஆக்கியது. பேரை மாத்தினா மட்டும் போதுமா? மேலே படிக்க வழியும் இருக்கணுமே! இந்த வகுப்புகளிலேயே காலேஜ் கிரெடிட்டும் சேர்த்துக் கொடுக்கிற ஸ்கூல்கள் இருக்கின்றன. உண்மையான மாற்றம் அதுதான்.

நம்ம ஊர் ப்ளஸ் டூ-விலும் தொழிற்கல்விப் பிரிவு இருக்கு. அதில் படித்தவர்களும் இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு வரலாம். ஆனா, ‘வொகேஷனல் குரூப்பா?’ன்னு உதட்டைப் பிதுக்குறதை மட்டும் நாம விடலை. இன்ஜினீயரிங் படிக்கிற என் செட்டில் எத்தனை பேருக்கு ஒரு காரின் பானெட்டைத் திறக்கத் தெரியும்? கையைத் தூக்கச் சொன்னா மானம் போயிடும்!

உங்க வீட்டில் தம்பியோ தங்கச்சியோ குரூப் எடுக்கப் போகும்போது, ‘எத்தனை மார்க்?’ என்பதோடு நிறுத்திடாதீங்க. இந்த மூணையும் சேர்த்துக் கேளுங்க. முடிச்ச மறுநாள் என்ன வேலை? அதுக்கு எத்தனை வயசு ஆகணும்? மனசு மாறினா மேலே படிக்க வழி இருக்கா? மூணுக்கும் பதில் இருந்தா, ஸ்பேனரோ கைவிலங்கோ... தைரியமா எடுக்கச் சொல்லுங்க!

அடுத்த வாரம் பார்க்கலாமா?