பீரோவில் தூங்கும் ரவிக்கைத் துண்டுகள்

தமிழ் நாட்டில் பெரிய வீடானாலும் சரி, சிறிய வீடானாலும் சரி, பீரோவின் அடித்தட்டில் அநேகமாக ஒரு பொருள் இருக்கும். அதுதான் ரவிக்கைத் துண்டு. இப்போது "பிளவுஸ் பிட்" என்று சொல்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது. துண்டு அப்படியேதான் கிடக்கிறது.

நவராத்திரிக் கொலுவுக்குப் போனால் ஒரு துண்டு. வரலட்சுமி நோன்புக்கு ஒரு துண்டு. வளைகாப்பு, கிரகப் பிரவேசம், கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வந்தவை பத்து, இருபது என்று சேர்ந்து விடுகின்றன. அவற்றில் ரவிக்கையாகத் தைக்கப்பட்டவை எத்தனை? விரல் விட்டு எண்ணி விடலாம்.

ஏன் தைப்பதில்லை?

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. கணக்குத்தான்.

துண்டின் விலையைப் போலப் பல மடங்கு தையல் கூலி ஆகிறது. லைனிங் துணிக்குத் தனிக் காசு. அவ்வளவு செலவு செய்தாலும் அந்த நிறத்துக்கு ஏற்ற சேலை வேண்டும். இப்போது வாங்கும் பெரும்பாலான சேலைகளில் ரவிக்கைத் துணியும் சேர்ந்தே வந்து விடுகிறது. மேலும், துண்டின் நீளம் பொதுவாக 80 சென்டி மீட்டர். சற்றுப் பருமனான உடம்புக்கும் நீளமான கைக்கும் அது போதாது.

அதனால், வந்த துண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து வேறொரு வீட்டுக்குப் போகிறது. ஊரெல்லாம் சுற்றி விட்டுக் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்த துண்டும் உண்டு என்று பெண்கள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எல்லோராலும் சிரிக்க முடியாது. வருமானம் குறைந்த குடும்பம் பத்துப் பேருக்கு வைத்துக் கொடுக்க வேண்டுமானால், பத்துத் துண்டுகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். "அவர்கள் கொடுத்தார்களே, நாம் கொடுக்காவிட்டால் என்ன நினைப்பார்கள்?" என்ற கவலை அந்த வீட்டுத் தாயைப் பிடித்துக் கொள்கிறது. யாரும் உடுத்தாத துணிக்காக அரிசிக் காசு போகிறது.

பூட்டி வைத்தால் சேமிப்பா?

"இருந்து விட்டுப் போகட்டுமே, ஒரு நாள் உதவும்" என்பார்கள். தங்கத்தைப் பூட்டி வைத்தால் அது சேமிப்பு. துணி அப்படி அல்ல. ராமபாணப் பூச்சி அரிக்கும். மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பட்டுத் துணியானால் மடித்த இடத்திலேயே இற்றுப் போகும். அந்துருண்டை போட்டு வைத்தால் பூச்சி ஓடும். ஆனால் துணியால் யாருக்கும் பயன் வந்து விடாது.

ஒரு முழத் துணியில் எத்தனை பேருடைய பாடு இருக்கிறது! பருத்தி பயிரிட்டவர், நூல் நூற்றவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர் என்று வரிசையாகச் சொல்லலாம். அதைப் பெட்டியில் மக்க விடுவது அவர்கள் உழைப்பை மக்க விடுவதாகும்.

பழைய காலத்துச் சிக்கனம்

பழைய தலைமுறைப் பெண்கள் துணியை வீணாக்கியதில்லை. விசேஷங்களுக்குக் கட்டிய நூல் சேலை, சாயம் போன பிறகு வீட்டில் கட்டும் சேலை ஆகும். பிறகு குழந்தைக்குத் தூளி ஆகும். இன்னும் நைந்தால் பாயின் மேல் விரிப்பு. கடைசியில் அடுப்பங்கரையில் பிடிதுணி. பழைய வேட்டியைக் கிழித்து விளக்குத் திரி போடுவார்கள். குப்பைக்குப் போவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மற்ற இடங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை ஆக்கினார்கள். தைப்பதற்கு நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்தே உருவிக் கொண்டார்கள். அதற்குக் "காந்தா" என்று பெயர். இன்று அது புகழ் பெற்ற கைவேலை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் "ஜீஸ் பெண்ட்" என்று ஓர் ஊர். அங்குள்ள ஏழைக் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்திக் கிழிந்த உடைகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள். குளிரைத் தாங்குவதற்காகத் தைத்தவை அவை. 2002ல் நியூயார்க் நகரத்துப் பெரிய கலைக்கூடம் ஒன்றில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். 2006ல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் அவை இடம் பெற்றன.

பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது எப்படி, கிழிந்ததைத் தைப்பது எப்படி என்று அரசாங்கமே 1943ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. அங்கே தட்டுப்பாடு கற்றுக் கொடுத்தது. இங்கே துணி மிதமிஞ்சிக் கிடப்பதே கற்றுக் கொடுக்க வேண்டும்.

ஆறு துண்டு, ஒரு போர்வை

முதலில் எல்லாத் துண்டுகளையும் வெளியே எடுத்துத் தரம் பிரிக்க வேண்டும். பருத்தி எது, பாலியஸ்டர் எது என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி, ஜாக்கிரதையாக நெருப்பில் காட்டலாம். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணி போல் திரளும். இரண்டையும் கலந்து தைத்தால், துவைத்த பிறகு பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. தையல் இழுத்துக் கொள்ளும். ஆகவே வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே நனைத்து உலர்த்துவது நல்லது. எது சாயம் விடும் என்பதும் அப்போதே தெரிந்து விடும்.

80 சென்டி மீட்டர் நீளமும் 90 சென்டி மீட்டர் அகலமும் உள்ள துண்டில், 20 சென்டி மீட்டர் சதுரங்கள் 16 வெட்டலாம். ஆறு துண்டுகளில் 96 சதுரங்கள் கிடைக்கும். அகலத்தில் 8, நீளத்தில் 12 என்று வைத்து இணைத்தால், தையலுக்கு விட்டது போக ஏறக்குறைய 5 அடி அகலமும் 7 அடி நீளமும் உள்ள மேல் துணி தயார். அடியில் ஒரு பழைய நூல் சேலையை இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் இணைத்து வைக்கலாம். நடுவில் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் ஒருவர் போர்த்திக் கொள்ளப் போர்வை ஆயிற்று. புதிதாக வாங்க வேண்டியது நூல்கண்டு மட்டுமே.

ஒரு துண்டு, இரண்டு பை

போர்வை தைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பை இருக்கிறது. அதே துண்டில் 80க்கு 40 அளவில் இரண்டு பாகம் வெட்டினால் 10 சென்டி மீட்டர் பட்டை மிஞ்சும். ஒவ்வொரு பாகத்தையும் நடுவில் மடித்து இரு பக்கமும் தைத்தால் இரண்டு பைகள். மிஞ்சிய பட்டையை நான்காக வெட்டினால் நான்கு கைப்பிடிகள். துணி மெல்லியதாக இருந்தால், இரண்டு பாகத்தையும் அடுக்கி உறுதியான ஒரே பையாகத் தைக்கலாம்.

ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ் நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசு தொடங்கியது. பைக்குத் துணி தேடி எங்கும் அலைய வேண்டாம். பீரோவிலேயே இருக்கிறது.

"மங்கலமாக வந்ததை வெட்டலாமா?" என்று சிலர் தயங்குவார்கள். ரவிக்கை தைப்பதானாலும் கத்தரிக்கோல் படத்தானே வேண்டும்! "தைக்கத் தெரியாதே, நேரம் இல்லையே" என்பது நியாயமான பேச்சு. ஆனால் அதே தெருவில் தையல் இயந்திரத்தை வைத்துப் பிழைக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தமிழ் நாட்டு அரசு இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்கி வந்திருக்கிறது. இயந்திரம் இருந்தால் போதுமா? வேலை வர வேண்டாமா? துண்டுகளை அவளிடம் கொடுத்துப் பேரம் பேசாமல் கூலி கொடுத்தால், அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி

ரவிக்கைத் துண்டில் இன்னொரு குறையும் உண்டு. அதைச் சுமங்கலிகளுக்கே வைத்துக் கொடுக்கிறார்கள். அதே கூடத்தில் இருக்கும் கணவனை இழந்த பெண்ணைத் தாண்டி அந்தத் தட்டு போய் விடுகிறது. கொலுவுக்குச் சுண்டல் செய்தவளே அவளாக இருக்கலாம். பொம்மைகளை அடுக்கியவளும் அவளாக இருக்கலாம். அவள் கை மட்டும் வெறுங்கை.

பைக்கு இந்தப் பேதம் கிடையாது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோரும் வாங்கிக் கொண்டு போகவில்லையா? அதுபோல், வரும் நவராத்திரிக்கு, வீட்டில் கிடக்கும் துண்டுகளைப் பைகளாகத் தைத்து, வெற்றிலை பாக்கையும் பழத்தையும் அதற்குள் போட்டு, வந்தவர் அத்தனை பேருக்கும் கொடுக்கலாம். புதுத் துண்டு வாங்கும் செலவு மிச்சம். வாங்கியவர் மறு நாளே அதை எடுத்துக் கொண்டு காய்கறி வாங்கப் போவார். ஊர் சுற்றித் திரும்பி வரும் துண்டின் கதை அதோடு முடியும்.

ஒரு தெருவில் நாலு வீடுகள் தொடங்கினால் போதும். மற்ற வீடுகள் பின்னால் வரும். கொடுப்பது நல்ல பழக்கம். உபயோகப்படுவதைக் கொடுத்தால், கொடுத்த கைக்கும் மதிப்பு. வாங்கிய கைக்கும் மதிப்பு.